மேடைக்கு ஏற்ற ஆர்ச்டாப்

கேள்வி: ரிசப்ஷன்களில் ஜாஸ் வாசிக்கிறேன். கையைக் கடிக்காத விலையில் ஆர்ச்டாப் (மேல்பலகை வளைந்து எழும்பிய) கிட்டார் எது வாங்கலாம்?
- வாசகர், பெரம்பூர்

பதில்: ஐபனேஸ் ஏஎஃப்75 பாருங்கள். மேல்பலகை லேமினேட்தான் (மெல்லிய பலகைகளை ஒட்டியது), மேடைக்கு அதுவே நல்லது. முழு மரத்தில் செதுக்கியது ஸ்பீக்கர் சத்தத்துக்கு அதிர்ந்து சீக்கிரம் ஊளையிடும். காசிமேட்டு ஈரக்காற்றையும் தாங்காது. டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று சத்தமாக வாசிப்பவர் என்றால், உள்ளே நடுவில் மரக்கட்டை வைத்த செமி-ஹாலோ கிட்டாரே மேல்.

பழையது வாங்கினால் முதலில் பிரிட்ஜை, அதாவது மேல்பலகையில் கம்பிகளைத் தாங்கும் கட்டையைப் பாருங்கள். பல ஆர்ச்டாப்களில் அதை ஒட்டியிருக்க மாட்டார்கள், கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கும். எல்லாக் கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றினால் நகர்ந்துவிடும், ஒவ்வொன்றாக மாற்றுங்கள். 12-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்திலுள்ள உலோகக் கோடு) அழுத்திய சுரம், அதே இடத்தில் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஹார்மோனிக்கைவிடச் சுருதி கூடுதலாகக் கேட்டால், கம்பியைச் சற்றுத் தளர்த்தி, பிரிட்ஜை டெயில்பீஸ் (கம்பிகளின் அடிமுனையை மாட்டும் பாகம்) பக்கம் அரை நூல் தள்ளி, மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள்.

கம்பி 12 கேஜ் (மிக மெல்லிய கம்பியின் தடிமன் 0.012 அங்குலம்) ஃப்ளாட்வுண்ட், அதாவது தட்டை நாடா சுற்றியது. விலை கூடத்தான், ஆனால் ஜாஸின் அந்த உருண்டையான தொனி அதில்தான் வரும்.