குழந்தைகளோடும் பெரியவரோடும் பார்க்க எந்தப் போர் நடிப்பு விழா ஏற்றது?

கேள்வி: நாங்கள் லண்டனில் வசிக்கிறோம். பள்ளியில் வைக்கிங்குகளைப் பற்றிப் படித்ததிலிருந்து, பழைய போர்களை நடித்துக் காட்டும் விழா ஒன்றுக்கு அழைத்துப் போகும்படி 10 வயது மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். 5 வயது மகனுக்குப் பட்டாசுச் சத்தமே ஆகாது. ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனாருக்கு முழங்கால் வலி. எந்த விழாவைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: விழாவின் பெயரையும் புகழையும் பார்ப்பதற்கு முன்னால், அது எந்த நூற்றாண்டைக் காட்டுகிறது என்று பாருங்கள். உங்கள் மகனைப் பொறுத்தவரை எல்லாமே அதில்தான் இருக்கிறது. 1642-இல் தொடங்கிய ஆங்கில உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டும் விழாக்களில், துப்பாக்கிகளையும் பீரங்கிகளையும் குண்டு இல்லாமல், ஆனால் உண்மையான கருமருந்தை இட்டே வெடிப்பார்கள். அந்த ஓசை காதோடு நிற்காமல் நெஞ்சுக்கூட்டில் வந்து மோதும். 1968-இல் உருவான சீல்டு நாட் என்ற சங்கம், 1644 ஜனவரியில் நடந்த நான்ட்விச் போரை ஆண்டுதோறும் அந்த ஊரிலேயே நடத்திக் காட்டுகிறது. வளர்ந்த பிள்ளைகளுக்கு அது அருமையான காட்சி. ஆனால் என் மகளை அவளுடைய நான்காவது வயதில் இத்தகைய ஒரு விழாவுக்கு அழைத்துச் சென்று, முதல் பீரங்கி முழங்கியவுடனேயே அவளைத் தூக்கிக்கொண்டு வெளியேற நேர்ந்தது. ஆகவே இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள். 1471-ஆம் ஆண்டுப் போரை நினைவுகூரும் டியூக்ஸ்பரி இடைக்கால விழா ஜூலையில் நடப்பதால் வானிலை ஓரளவு கைகொடுக்கும், சந்தையும் கூடாரங்களும் மிகப் பெரியவை. என்றாலும் அங்கும் பீரங்கி உண்டு.

வெடிமருந்து வருவதற்கு முந்தைய காலத்தைக் காட்டும் விழாவே உங்களுக்குப் பொருந்தும். என் தேர்வு, கிழக்கு சசெக்ஸில் உள்ள பேட்டில் என்னும் சிற்றூரில், 1066 அக்டோபர் 14 அன்று நடந்த ஹேஸ்டிங்ஸ் போரை நடித்துக் காட்டும் விழா. அந்த நாளை ஒட்டிய வார இறுதியில் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு இதை நடத்துகிறது. உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளுக்கான வரலாற்றுப் பாடம் அன்றைய இங்கிலாந்து மக்களான சாக்சன்களும் கடல் கடந்து வந்த வைக்கிங்குகளும் மோதிய காலத்தோடு ஏறத்தாழ முடிந்துவிடும். அந்தக் கதையின் முடிவை அவள் இங்கே கண்ணால் பார்க்கலாம். சாக்சன்களின் மன்னன் ஹெரால்டு மேட்டின் மீது கேடயங்களை நெருக்கி நிறுத்தி அமைத்த அரணும், பிரான்சிலிருந்து வந்து கீழிருந்து ஏறிய நார்மன் படையும் எதிரெதிரே நின்ற சரிவில் நீங்களே நிற்கும்போது, அந்த மேடு அவனுக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்பதைப் பத்து வயதுப் பிள்ளைகூட உடனே புரிந்துகொள்ளும். வெற்றி பெற்ற நார்மன் தலைவன் வில்லியம் அங்கே ஒரு மடாலயத்தைக் கட்டினான். ஹெரால்டு விழுந்த இடத்தில்தான் அதன் பலிபீடம் அமைக்கப்பட்டது என்பது மரபு. இங்கே கேட்கும் சத்தமெல்லாம் வாள் கேடயத்தில் படும் ஓசையும் படைகளின் கூச்சலும்தான். வாள்களின் முனையும் விளிம்பும் மழுங்கலாக இருக்கும், பார்வையாளர்களுக்கும் களத்துக்கும் நடுவே கயிறு கட்டியிருப்பார்கள்.

போர்க்காட்சி அந்த நாளின் சிறு பகுதியே. எஞ்சிய நேரமெல்லாம் கூடார முகாமில் கழியும், குழந்தைகளின் மனத்தில் நெடுநாள் தங்குவதும் அதுவே. வளையம் வளையமாகக் கோத்த, பத்து கிலோவுக்கும் மேல் எடையுள்ள இரும்புச் சட்டையைக் கையில் தூக்கிப் பார்க்கக் கொடுப்பார்கள். அடுப்பில் வேகும் கஞ்சியைப் பற்றியும், நூலுக்குச் சாயம் ஏற்றும் விதத்தைப் பற்றியும் கேட்டால் சலிக்காமல் விளக்குவார்கள். பெரும்பாலும் அவர்கள் வேறு வேலைகளில் இருந்துகொண்டு ஆர்வத்தால் இதைச் செய்பவர்கள். கேள்வி கேட்கும் குழந்தையைக் கண்டால் அவர்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. எனவே காலையிலேயே போய் முதலில் முகாமைச் சுற்றிவிட்டு, போர் தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பாகக் கயிற்றின் ஓரத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமனாரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. களம் சரிவானது, அக்டோபர் மழையில் சேறாகிவிடும், பலரும் புல்லில்தான் உட்காருவார்கள். மடித்து எடுத்துச் செல்லும் நாற்காலி ஒன்று கட்டாயம் வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கான வாகன நிறுத்தமும் இருக்கையும் உண்டா என்பதை நுழைவுச்சீட்டு வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். லண்டன் சேரிங் கிராஸிலிருந்து பேட்டிலுக்கு நேரடி ரயில் இருந்தாலும், நிலையத்திலிருந்து மடாலயம் வரையிலான நடை அவருக்குச் சிரமம் தரக்கூடும் என்பதால் காரில் செல்வதே நல்லது.

அவரால் அதுவும் இயலாது என்றால், பிப்ரவரியில் யார்க் நகரில் நடக்கும் ஜோர்விக் வைக்கிங் விழாவைத் தேர்ந்தெடுங்கள். பயணம் நீண்டது, குளிரும் கடுமையானது. ஆனால் நிகழ்ச்சிகள் நகரின் நடுவே நடப்பதால் நினைத்தபோது ஒரு தேநீர்க் கடைக்குள் போய் உட்காரலாம். 1976 முதல் 1981 வரை காப்பர்கேட் தெருவில் நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட வைக்கிங் குடியிருப்பை மீட்டுருவாக்கியிருக்கும் ஜோர்விக் மையத்தை, நகரும் இருக்கையில் அமர்ந்தபடியே அவர் சுற்றிப் பார்க்க முடியும். அதற்கு முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

எங்கே சென்றாலும், களத்தில் விழுந்து கிடப்பவர்கள் அனைவரும் காட்சி முடிந்ததும் எழுந்துவிடுவார்கள் என்பதை வீட்டிலிருந்து புறப்படும்போதே மகனிடம் சொல்லிவிடுங்கள்.