ஓட்டோவில் போய்வந்த தொலைநோக்கிக்கு ஆடியை நேராக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் பாடசாலையில் 8 அங்குல டொப்சோனியன் (மேலும் கீழும் பக்கவாட்டிலும் கையால் திருப்பும் தாங்கியில் நிற்கும் ஆடித் தொலைநோக்கி) இருக்கிறது. அதைக் கோப்பாயிலிருந்து கசூரினா கடற்கரைக்கு ஓட்டோவில் கொண்டுபோனோம். சனி கலங்கலாகவே தெரிந்தது. ஆடிகள் நேராக உள்ளனவா என்று சோதிக்கும் லேசர் கருவியை வைத்துப் பார்த்தால் எல்லாம் நடுவில்தான் இருக்கிறது. ஆடி பழுதாகிவிட்டதா?

பதில்: ஆடி பழுதாகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. முதலில் அந்த லேசரைச் சந்தேகப்படுங்கள். பார்வைத்துண்டு பொருத்தும் குழாயில் வைத்து அதை மெல்லச் சுழற்றுங்கள். குழாயின் அடியில் உள்ள பெரிய ஆடியில் விழும் சிவப்புப் புள்ளி ஒரே இடத்தில் நிற்காமல் வட்டம் போட்டால், லேசரே கோணல். அதை நம்பித் திருகத் திருக நிலைமை மோசமாகும்.

உங்களுடையது எஃப்/6 (குவியத்தூரம் ஆடியின் அகலத்தைப் போல 6 மடங்கு) என்றால், படம் மிகக் கூர்மையாக விழும் வட்டம் ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் அகலம்தான். எஃப்/4 என்றால் ஒன்றரைகூட வராது. ஓட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினாலே அந்த வட்டம் நடுவை விட்டு நகர்ந்துவிடும். ஹவாயில் கெக் தொலைநோக்கியின் 10 மீற்றர் ஆடி 36 துண்டுகளால் ஆனது. கணினி விநாடிக்கு இரண்டு தடவை அவற்றைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. மலை உச்சியில் நிலையாக நிற்கும் கருவிக்கே அவ்வளவு கவனிப்பு. அதனால் நீங்கள் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பார்க்கத்தான் வேண்டும்.

சரி, லேசர் இல்லாமல் எப்படி? நட்சத்திரமே போதும். அரை மணி நேரம் வெளியே வைத்து ஆடியைக் குளிரவிடுங்கள். அப்புறம் 200 மடங்கு உருப்பெருக்கத்தில் ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து, குவியத்தைச் சற்றே கலையுங்கள். வளையங்களும் நடுவே ஒரு கரும்புள்ளியும் தெரியும். கரும்புள்ளி ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், பெரிய ஆடியின் பின்னால் உள்ள மூன்று திருகாணிகளில் ஒன்றைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். நட்சத்திரம் நகரும், குழாயை அசைத்து மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். புள்ளி நடுவை நெருங்கினால் அதே பக்கம் தொடருங்கள், விலகினால் எதிர்ப்பக்கம். ஒருவர் பார்க்க மற்றவர் திருகினால் வேலை சுலபம்.

துருவ நட்சத்திரம் நகராது, அதில் சோதியுங்கள் என்று பலரும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் அது அடிவானத்திலிருந்து 10 பாகை அளவில்தான் நிற்கிறது. அவ்வளவு தடித்த காற்றினூடே வளையங்கள் கொதிக்கும். திருவோணம் (ஆங்கிலத்தில் Altair) நம் தலைக்கு நேர் மேலே போகிறது. உச்சியிலிருந்து ஓரளவு சரிந்திருக்கும்போது அதைப் பிடியுங்கள். உச்சியில் டொப்சோனியனைத் திருப்புவது பெரும் பாடு.

ஆடியை அசையாமல் பிடிக்கும் பூட்டுத் திருகாணிகளை மெதுவாக இறுக்கிய பிறகு வளையங்களை இன்னொரு தடவை பாருங்கள். இறுக்கும்போதே ஆடி நகர்ந்துவிடுவதுண்டு.