மெக்கானிக்கல் சீட்டுக்காக நெலத்த விக்கலாமா?

கேள்வி: நாங்க கேரளாவுல பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கமுங்க. நாலு மாடு, கொஞ்சம் தென்னை, அவ்வளவுதான். பையன் இங்கயே தமிழ் மீடியத்துல ப்ளஸ் டூ முடிச்சான், மெக்கானிக்கல் தான் படிப்பேங்கிறான். கேரளா இன்ஜினியரிங் என்ட்ரன்ஸ் கீம்ல அவன் எடுத்த ரேங்குக்கு பாலக்காடு அகத்தேத்தறை என்எஸ்எஸ் இன்ஜினியரிங் காலேஜ் கெடைக்கும் போல இருக்கு. ஆனா வீட்டுல கோயமுத்தூர்ல சேக்கணும்னு நிக்கிறாங்க, அங்க ஒரு பிரைவேட் காலேஜ்ல மேனேஜ்மென்ட் சீட்டு, ஹாஸ்டலோட வருஷம் 2 லட்சம், டொனேஷன் தனியா 1 லட்சம். 20 சென்ட் நெலத்த வித்துடலாமா, இல்ல லோன் போடலாமா?

பதில்: நெலத்த விக்காதீங்க அக்கா. டொனேஷன் ஒரு ரூவா கூட குடுக்காதீங்க. தமிழ்நாட்டுல அத வாங்கறதே 1992 சட்டப்படி தப்பு, ரசீது இல்லாத காசுக்கு பேங்க்ல லோனும் தரமாட்டாங்க, அதுவும் எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பின்னாடி ஓடறதுல பல பிரைவேட் காலேஜ்ல மெக்கானிக்கல் சீட்டு காலியா கெடக்குற நேரம் இது.

இப்ப கணக்குக்கு வருவோம். வருஷம் 2 லட்சம்னா நாலு வருஷத்துக்கு 8 லட்சம். கல்விக் கடன்ல படிப்பு முடிஞ்சு இன்னும் ஒரு வருஷம் வரைக்கும் அசல் கட்ட வேண்டாம், ஆனா வட்டி மொத நாள்ல இருந்தே ஓடும். 10% தனிவட்டின்னு வெச்சாலும் அந்த அஞ்சு வருஷத்துல 2.8 லட்சம் சேந்துடும். ஆக 10.8 லட்சம், அத 10 வருஷத்துல அடைக்க மாசம் 14,270 ரூவா கிட்ட வரும், 15 வருஷம்னாலும் 11,600. பம்ப் கம்பெனி, ஃபவுண்ட்ரின்னு படிச்ச மெக்கானிக்கல் வேலைக்கே போற பசங்க 15,000, 18,000ல தொடங்கறத நான் நெறைய பாக்கறேன், அதுல ரூம் வாடகையும் சாப்பாடும் போக பையன் கையில என்னங்க நிக்கும்? இன்னொண்ணு, 7.5 லட்சத்துக்கு மேல போனா பேங்க் சொத்து ஜாமீன் கேக்கும், அப்ப நீங்க விக்காம வெச்ச அதே நெலம்தான் அடமானத்துக்கு போகும்.

பார்டர் பக்கம் இருக்கறவங்க இத கவனிக்கறதே இல்ல: நாம தமிழ் பேசறோம்ங்கறதுக்காக தமிழ்நாட்டு சலுகை வராதுங்க. கவர்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கான அந்த 7.5% ஒதுக்கீடு, மாசம் 1,000 ரூவா குடுக்குற தமிழ்ப் புதல்வன் எல்லாம் அங்க ஸ்கூல் படிச்ச பசங்களுக்கு. கவுன்சலிங்குக்கும் அங்க படிச்சிருக்கணும், இல்ல அங்கத்த நேட்டிவிட்டி சர்டிபிகேட் வேணும். அதனாலதான் உங்களுக்கு மேனேஜ்மென்ட் சீட்ட மட்டும் காட்டறாங்க. கேரளாவுல உங்க பையன் மெரிட்ல வர்றான். என்எஸ்எஸ் 1960ல ஆரம்பிச்ச, கவர்மென்ட் உதவி பெறுற எய்டட் காலேஜ், மெரிட் சீட்டுன்னா கவர்மென்ட் ஃபீஸ் தான், வீட்டுல இருந்தே பஸ்ல போய்ட்டு வரலாம், ஹாஸ்டல் செலவே இல்ல. கிளாஸ் இங்கிலீஷ்ல தான் நடக்கும், பசங்க மலையாளம் பேசுவாங்க, தெர்மோடைனமிக்ஸ் மாதிரி மெக்கானிக்கல் பாடம் வர்றதுக்கு முன்னாடியே மேத்ஸும் கிராஃபிக்ஸுங்கற டிராயிங் பாடமும் அவன போட்டு படுத்தும். ஆனா தமிழ் மீடியம் பையனுக்கு கோயமுத்தூர்ல மட்டும் அது சுலபமாவா இருக்கும்?

அப்பவும் பணம் பத்தலைன்னா சின்னதா ஒரு கல்விக் கடன் போதும். 4 லட்சம் வரைக்கும் ஜாமீனும் வேண்டாம், கைக்காசும் வேண்டாம். வருஷ வருமானம் 4.5 லட்சத்துக்குள்ளன்னா படிக்கிற காலத்து வட்டிய சென்ட்ரல் கவர்மென்ட் கட்டற ஸ்கீம் இருக்கு, மெரிட்ல சேர்றவங்க கட்டாயம் பேங்க்ல கேளுங்க. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அத நம்பி எறங்காதீங்க. நகைய வெச்சு ஃபீஸ் கட்டறதும் வேண்டாம், அந்த லோன் பெரும்பாலும் ஒரு வருஷத்துல திருப்பணும், படிப்போ நாலு வருஷம்.

பால் காசுல மாசாமாசம் கொஞ்சம் ஒதுக்க முடிஞ்சா, கடன் வாங்குனா வட்டிய அப்பப்ப கட்டிடுங்க. அப்படி கட்டறவங்களுக்கு 1% வட்டி கொறைக்கிற பேங்கும் உண்டு. மிச்சத்த லேப்டாப்புக்கும், ரெண்டாம் வருஷ லீவுல சாலிட்வொர்க்ஸ்ங்கற டிசைன் சாஃப்ட்வேரும், கம்ப்யூட்டர்ல ஓடுற சிஎன்சி மெஷினும் கத்துக்கறதுக்கும் வைங்க. கஞ்சிக்கோட்டு இண்டஸ்ட்ரியல் ஏரியா பக்கத்துலயே இருக்கு, லீவுல இன்டர்ன்ஷிப்புக்கு அங்க நேராவே போய் கேக்கலாம். மெக்கானிக்கல் பையனுக்கு மெஷின் முன்னாடி நின்ன அனுபவம் இருந்தா இன்டர்வியூல பேச்சே வேற.

இந்த வாரமே அக்ஷயா சென்டர்ல (கேரளாவோட இ-சேவை மையம்) வருமான சர்டிபிகேட்டுக்கு போட்டுடுங்க, வில்லேஜ் ஆபீஸ்ல நாளாகும். கீம் ஆப்ஷன் குடுக்கறப்ப என்எஸ்எஸ் மெக்கானிக்கல மொதல்லயும் ஸ்ரீகிருஷ்ணபுரம் கவர்மென்ட் இன்ஜினியரிங் காலேஜ ரெண்டாவதாவும் போடச் சொல்லுங்க. கோயமுத்தூர் காலேஜுக்கு அட்வான்ஸ் எதுவும் அதுவரைக்கும் கட்ட வேண்டாம்.