சர்வரில் டிஸ்க் நிரம்பினால் எங்கே பார்ப்பது? கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலும் ஆரணி பக்கத்திலும் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலும் டிஸ்க்கில் இடம் போதாமல் வந்த சிக்கல்கள்தான். பதிலுக்குப் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'இடமில்லை' என்று சர்வர் சொன்னவுடன் கை தானாக, ஃபைலை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்குப் போகும். போக விடாதீர்கள். இடத்தை எது பிடித்து வைத்திருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு அழியுங்கள். நான் பார்த்த டேட்டா இழப்புகளில் பாதிக்கு மேல் டிஸ்க் நிரம்பியதால் வந்தவை அல்ல, நிரம்பிய பதற்றத்தில் அழித்ததால் வந்தவை.

ஆம்பூர், தோல் ஏற்றுமதி கம்பெனியில் சிஸ்டம் அட்மின்: அண்ணா, சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் 50 ஜிபி. டிஸ்க் நிலவரம் காட்டும் டிஎஃப் கட்டளை போட்டால் 100 சதவீதம் காட்டுகிறது. ஃபைல் அளவுகளைக் காட்டும் டியூ கட்டளை போட்டுக் கூட்டினால் 29 ஜிபிதான் வருகிறது. நேற்று ராத்திரி டாம்கேட் (வெப் அப்ளிகேஷன் சர்வர்) எழுதும் லாக், அதாவது பதிவு ஃபைல் ஒன்று 18 ஜிபி இருந்தது, அழித்துவிட்டேன். ஒரு எம்பி கூடத் திரும்பி வரவில்லை. மீதி இடம் எங்கே?

தம்பி, நீங்கள் அழித்தது ஃபைலின் பெயரை மட்டும்தான். யூனிக்ஸில் பெயர் வேறு, உள்ளே இருக்கும் டேட்டா வேறு. கடைசிப் பெயரும் போய், அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் கடைசி ப்ராசஸும் (ஓடும் ப்ரோக்ராமும்) அதை மூடிய பிறகுதான் இடம் விடுபடும். டாம்கேட் இன்னும் அதைத் திறந்தே வைத்திருக்கிறது. இப்போதும் அதில் எழுதிக்கொண்டிருக்கும். டியூ, டைரக்டரிகளில் உள்ள பெயர்களைப் பிடித்துக்கொண்டு நடந்து கூட்டுகிறது. டிஎஃப், ஃபைல் சிஸ்டத்திடமே கணக்கு கேட்கிறது. பெயர் இல்லாத ஃபைல் முதல் கணக்கில் வராது, இரண்டாவதில் வரும்.

ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள யூசராக) நுழைந்து 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' கொடுங்கள், எல் பெரிய எழுத்து. பெயர் போன பிறகும் திறந்திருக்கும் ஃபைல்கள் மட்டும் வரும். ஒவ்வொரு வரியிலும் ப்ராசஸ் பெயர், அதன் எண், ஃபைல் டிஸ்க்ரிப்டர் எண் (ப்ராசஸ் தான் திறந்த ஃபைலைக் குறிக்கும் எண்), அளவு, கடைசியில் 'டெலீட்டட்' என்ற குறிப்பு இருக்கும். அளவு 18 ஜிபிக்குப் பக்கத்தில் உள்ள வரிதான் உங்கள் ஆள். டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்தால் அந்த நிமிடமே இடம் திரும்பும்.

ஷிப்மென்ட் நேரம், ரீஸ்டார்ட் செய்ய முடியாது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. ப்ராசஸ் எண் 1843, டிஸ்க்ரிப்டர் 4 என்று வைத்துக்கொள்வோம். '/ப்ராக்/1843/எஃப்டி/4' என்ற பாதையை ட்ரன்கேட் கட்டளைக்குக் கொடுத்து அளவை 0 ஆக்குங்கள். சர்வீஸ் ஓடிக்கொண்டே இருக்கும், இடம் வந்துவிடும். எண்களை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். டிஸ்க்ரிப்டர் எண் மாறிப்போய் டேட்டாபேஸ் ஃபைல் காலியானால் அதற்குப் பரிகாரம் கிடையாது.

இனிமேல் ஓடுகிற சர்வீஸின் லாகை ஆர்எம் செய்யாதீர்கள், ட்ரன்கேட் செய்யுங்கள். நிரந்தரத் தீர்வு, லாகை அவ்வப்போது புதிதாக்கிப் பழையதை நீக்கும் லாக்ரொட்டேட். அதில் காப்பிட்ரன்கேட் என்ற வழி சுலபமானது. ஆனால் நகல் எடுப்பதற்கும் காலி செய்வதற்கும் நடுவில் எழுதப்படும் சில வரிகள் தொலையலாம். சர்வீஸுக்கு சிக்னல் கொடுத்து புது ஃபைல் திறக்கச் சொல்ல முடிந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தம், லுங்கி மொத்த வியாபாரத்தின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவர்: சார், டிஸ்க்கில் 40 சதவீதம் காலி. ஆனால் புதிதாக ஒரு ஃபைல் உருவாக்கினாலும் இடமில்லை என்று பிழை வருகிறது. எதை நம்புவது?

இரண்டுமே உண்மைதான். 'டிஎஃப் -ஐ' போட்டுப் பாருங்கள், ஐநோட் (ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) 100 சதவீதம் ஆகியிருக்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும், அது காலி ஃபைலாகவே இருந்தாலும், ஒரு ஐநோட் வேண்டும். லினக்ஸில் பரவலான ஃபைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி4, ஃபார்மேட் ஆகும்போது வழக்கமான அமைப்பில் 16 கேபிக்கு ஒன்று என்று கணக்கிட்டு ஒதுக்கிவிடும். 100 ஜிபி பார்ட்டிஷனில் சுமார் 65 லட்சம். அப்புறம் பார்ட்டிஷனைப் பெரிதாக்கினாலொழிய அந்த எண்ணிக்கை கூடாது.

உங்களுடையது பிஎச்பி சைட் என்பதால் செஷன் டைரக்டரியை முதலில் பாருங்கள். அடுத்து கேஷ், மெயில் க்யூ. டியூ கட்டளையுடன் '--ஐநோட்ஸ்' சேர்த்தால் அளவுக்குப் பதிலாக எண்ணிக்கை வரும், குற்றவாளி டைரக்டரி தெரிந்துவிடும். உள்ளே போய் நட்சத்திரக் குறி போட்டு அழிக்கப் பார்த்தால் ஆர்க்யுமென்ட் பட்டியல் மிக நீளம் என்று மறுத்துவிடும். ஃபைண்ட் கட்டளையில் ஃபைல் வகை, இரண்டு நாளுக்கு மேல் பழையது என்ற நிபந்தனைகளைக் கொடுத்து, முதலில் பட்டியலை மட்டும் பாருங்கள். சரியாக இருந்தால் அதே கட்டளையின் கடைசியில் '-டெலீட்' சேருங்கள். கடைசியில் என்பது முக்கியம். நிபந்தனைகளுக்கு முன்னால் போட்டால் எல்லாவற்றையும் அழித்துவிடும்.

ராணிப்பேட்டை சிப்காட், ஒரு கெமிக்கல் யூனிட்டின் ஐடி பொறுப்பாளர்: எங்களுக்கும் டிஎஃப்புக்கும் டியூவுக்கும் 120 ஜிபி வித்தியாசம். எல்எஸ்ஓஎஃப் எதுவும் காட்டவில்லை. ராத்திரி சர்வரையே ரீபூட் செய்து பார்த்தோம், அப்படியேதான் இருக்கிறது. டிஸ்க் பழுதா சார்?

பழுது இல்லை. ரீபூட் செய்தும் போகவில்லை என்று சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் துப்பு. திறந்திருக்கும் ஃபைல் என்றால் ரீபூட்டில் போயிருக்கும். உங்கள் சர்வரில் பேக்கப்புக்கு யுஎஸ்பி டிஸ்க் மாட்டி '/பேக்கப்' என்ற இடத்தில் மவுண்ட் செய்கிறீர்களா, அதாவது அந்த டைரக்டரி வழியாகத் திறக்கும்படி இணைக்கிறீர்களா? அப்படியானால் நடந்தது அநேகமாக இதுதான். ஏதோ ஒரு நாள் கரண்ட் போய் வந்தபோது யுஎஸ்பி டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் க்ரானுக்கு அது தெரியாது. ராத்திரி பேக்கப் ஸ்க்ரிப்ட் ஓடி, ரூட் பார்ட்டிஷனிலேயே உள்ள காலி '/பேக்கப்' டைரக்டரியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. காலையில் யாரோ டிஸ்க்கை மவுண்ட் செய்தார்கள். கிணற்றின் மேல் பலகை போட்டு மூடினாற்போல, கீழே இருக்கும் ஃபைல்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டன. டியூ பலகைக்கு மேலே உள்ளதை மட்டுமே பார்க்கும்.

மூடியதை எடுக்காமலே கீழே பார்க்கலாம். '/எம்என்டி/ரூட்' என்று ஒரு காலி டைரக்டரி உருவாக்கி, ரூட் ஃபைல் சிஸ்டத்தை 'மவுண்ட் --பைண்ட்' மூலம் அங்கேயும் காட்டச் சொல்லுங்கள். பைண்ட், மேலே மவுண்ட் ஆன மற்ற டிஸ்க்குகளைக் கூட்டி வராது. அதனால் '/எம்என்டி/ரூட்/பேக்கப்' உள்ளே போனால் அந்த 120 ஜிபி தேதியோடு உட்கார்ந்திருக்கும்.

உடனே அழிக்காதீர்கள். அந்தத் தேதிகளின் பேக்கப் யுஎஸ்பி டிஸ்க்கில் இருக்காது, ஒரே பிரதி இதுதான். நகல் எடுக்கும் ஆர்சிங்க் கட்டளை மூலம் யுஎஸ்பி டிஸ்க்குக்கு மாற்றி, சரிபார்த்த பிறகு அழியுங்கள்.

திரும்ப வராமல் இருக்க மூன்று வேலை செய்யுங்கள். ஸ்க்ரிப்டின் முதல் வரியிலேயே மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் '/பேக்கப்' மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் வெளியேறச் சொல்லுங்கள். டிஸ்க்கைக் கழற்றிய நிலையில் அந்தக் காலி டைரக்டரிக்கு 'சிஎச்அட்டர் +ஐ' போட்டால் ரூட் கூட அதில் எழுத முடியாது. பூட் ஆகும்போது எவற்றை மவுண்ட் செய்வது என்ற பட்டியலான எஃப்எஸ்டேப்பில், டிஸ்க்கின் தனி அடையாளமான யுயுஐடி கொடுத்து 'நோஃபெயில்' சேருங்கள். அது இல்லாவிட்டால் டிஸ்க் மாட்டாத நாளில் சர்வர் பூட் ஆகாமலே நின்றுவிடலாம். நம் பக்கத்தில் கரண்ட் போவதும் வருவதும் உங்களுக்குத் தெரியாததா!

காட்பாடி, இன்ஜினியரிங் மாணவி: அண்ணா, 1 டிபி டிஸ்க் வாங்கினேன். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளை 931.5 ஜிபி காட்டுகிறது. ஈஎக்ஸ்டி4 ஃபார்மேட் செய்ததும் டிஎஃப்பில் மொத்தம் 916, காலி 870. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லைம்மா, டிஸ்க் சரியானதுதான். தயாரிப்பாளர் 1 டிபி என்பது லட்சம் கோடி பைட். லினக்ஸ் 1024ஆல் மூன்று முறை வகுத்துக் காட்டுகிறது, அதனால் 931.5. 'டிஎஃப் -எச்' எழுத்தைப் பெரிய எச்சாகப் போட்டால் 1000 கணக்கில் காட்டும், ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்து, மேலே சொன்ன ஐநோட்கள் ஒவ்வொன்றும் 256 பைட். 16 கேபிக்கு ஒன்று என்றால் டிஸ்க்கில் 64இல் ஒரு பங்கு அதற்கே போகிறது, கிட்டத்தட்ட 15 ஜிபி. அதனால் 916. மிச்சம் 46 ஜிபி, ரூட்டுக்கென்று ஈஎக்ஸ்டி4 ஒதுக்கி வைக்கும் 5 சதவீதம்.

அந்த 5 சதவீதம் ரூட் பார்ட்டிஷனில் உயிர்காப்பு. சாதாரண யூசர்கள் இடத்தை நிரப்பிவிட்டாலும் ரூட் உள்ளே வந்து சுத்தம் செய்ய இடம் இருக்கும். அங்கே கை வைக்காதீர்கள். படமும் பாடமும் போட்டு வைக்கும் டேட்டா டிஸ்க்குக்கு அவ்வளவு தேவையில்லை. 'டியூன்2எஃப்எஸ் -எம் 1' (எம் சிறிய எழுத்து) கொடுத்தால் 1 சதவீதமாகக் குறையும், 37 ஜிபி போல கிடைக்கும். டேட்டா எதுவும் போகாது, மவுண்ட் ஆன நிலையிலேயே செய்யலாம்.

வாலாஜாபேட்டை: 4 டிபி டிஸ்க்கில் 2.2 டிபிக்கு மேல் பார்ட்டிஷன் போட முடியவில்லை.

டிஸ்க்கில் பழைய வகைப் பார்ட்டிஷன் பட்டியலான எம்பிஆர் டேபிள் இருக்கிறது. அதில் செக்டர் எண்ணுக்கு 32 பிட்தான். 512 பைட் செக்டருக்கு அதுவே எல்லை. பார்ட்டட் கட்டளையில் புது வகையான ஜிபிடி லேபிள் போடுங்கள். பழைய பார்ட்டிஷன்கள் போய்விடும், ஆகவே முன்னதாக நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆரணி, பட்டுக் கடை பில்லிங் சர்வர்: மையெஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஐந்து வருடத்துக்கு முந்தைய பில் எல்லாம் டெலீட் செய்தோம் சார். ஒரு ஜிபி கூடக் குறையவில்லை. டேட்டா டைரக்டரியில் பின்லாக் என்று நிறைய ஃபைல்கள் வேறு இருக்கின்றன, அவற்றை அழிக்கலாமா?

மையெஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி, அழித்த வரிகளின் இடத்தை அந்த டேபிள் ஃபைலுக்குள்ளேயே காலியாக வைத்துக்கொள்ளும். புது பில் வரும்போது அங்கே எழுதும். வெளியே திருப்பிக் கொடுக்க 'ஆப்டிமைஸ் டேபிள்' ஓட்ட வேண்டும். ஆனால் அது டேபிளைப் புதிதாகக் கட்டுகிறது, கட்டி முடியும்வரை பழையதும் புதியதும் சேர்ந்து இருக்கும். நிரம்பிய டிஸ்க்கில் அதைத் தொடங்காதீர்கள்.

ஆகவே முதலில் பின்லாக், அதாவது டேட்டாபேஸில் செய்த மாற்றங்களின் பதிவு. ஆர்எம் போடாதீர்கள், ஃபைல் பட்டியலும் டேட்டாபேஸ் வைத்திருக்கும் கணக்கும் முரண்படும். மையெஸ்க்யூஎல்லுக்குள் போய் 'பர்ஜ் பைனரி லாக்ஸ்' கட்டளையில் தேதி கொடுங்கள். இன்னொரு கிளையில் ரெப்ளிகா (இந்த மாற்றங்களைப் படித்து நகலாக ஓடும் டேட்டாபேஸ்) ஓடினால் அது எந்த ஃபைல்வரை படித்திருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். 8.0 பதிப்பில் சொல்லாமலே 30 நாள் வைத்திருக்கும், கடைக்கு ஏழு நாள் போதும் என்றால் செட்டிங்கைக் குறைக்கலாம். தீபாவளி, ஆடித் தள்ளுபடிக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

வேலூர், ஒரு ஸ்கேன் சென்டர்: ஹோஸ்டிங்காரர்கள் விர்ச்சுவல் டிஸ்க்கை 100இலிருந்து 200 ஜிபி ஆக்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். டிஎஃப்பில் இன்னும் 100தான்.

டிஸ்க் வளர்ந்தது, மேலே உள்ள அடுக்குகள் வளரவில்லை. எல்எஸ்பிஎல்கே போட்டால் எந்த அடுக்கில் நிற்கிறது என்று தெரியும். க்ரோபார்ட் மூலம் பார்ட்டிஷன், இடத்தை வால்யூம்களாகப் பிரித்துத் தரும் எல்விஎம் இருந்தால் பிவிரீசைஸ், அப்புறம் 'எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர்'. அந்த ஆர், ஃபைல் சிஸ்டத்தையும் சேர்த்தே வளர்த்துவிடும். ஓடும்போதே செய்யலாம். எல்லா இடத்தையும் ஒரே வால்யூமுக்குக் கொடுத்துவிடாதீர்கள், ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் என்றால் பிறகு சுருக்க முடியாது.

திருப்பத்தூர்: சிஸ்டம் லாகுகளைச் சேர்த்து வைக்கும் ஜர்னலும், ப்ரோக்ராம்களைத் தனித்தனி கன்டெய்னரில் ஓட்டும் டாக்கரும் இடத்தைத் தின்கின்றன.

'ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=500எம்' கொடுங்கள். டாக்கரில் கன்டெய்னர் லாகுக்கு வழக்கமாக உச்சவரம்பு கிடையாது, டீமன் செட்டிங்கில் 'மேக்ஸ்-சைஸ்' வையுங்கள். பயன்படாதவற்றை நீக்கும் சிஸ்டம் ப்ரூன் ஓட்டும்போது '--வால்யூம்ஸ்' சேர்க்காதீர்கள். நிறுத்தி, நீக்கி வைத்திருக்கும் கன்டெய்னரின் டேட்டா அங்கே இருக்கலாம்.

சோளிங்கர், பள்ளி கம்ப்யூட்டர் ஆசிரியர்: டிஸ்க் 60 சதவீதம்தான். ஆனாலும் எதையும் சேமிக்க முடியவில்லை. 'ரீட் ஒன்லி' என்று வருகிறது. ஐநோட்டும் நிறைய இருக்கிறது.

ஐயா, இது இடப் பிரச்சினை இல்லை. டிஸ்க்கில் பிழை கண்டதும் ஃபைல் சிஸ்டம் தன்னைத்தானே எழுதாமல் பூட்டிக்கொண்டது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் கடைசிப் பக்கத்தில் ஐஓ பிழைகள் இருக்கும். டிஸ்க்கின் உடல்நிலை காட்டும் 'ஸ்மார்ட்சிடிஎல் -ஏ' போட்டு மாற்றப்பட்ட செக்டர், காத்திருக்கும் செக்டர் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். காத்திருக்கும் எண் 0 இல்லையென்றால் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டுவதற்கு முன் மதிப்பெண் பதிவேடுகளை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். சரிபார்க்கிறேன் என்று அது எழுதத் தொடங்கினால் நோயாளி டிஸ்க் அதிலேயே முடிந்துவிடலாம். படிக்கவே திணறினால் டிடிரெஸ்க்யூ பயன்படுத்துங்கள், நன்றாக உள்ள பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுப் பழுதான இடங்களுக்குப் பிறகு வரும்.

அதே அறிக்கையில் வெப்பநிலை வரியையும் பாருங்கள். பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளுக்கு 60 டிகிரிதான் உச்சம். நம் ஊரில் அக்னி நட்சத்திர நாட்களில் வெளியிலேயே 40ஐத் தாண்டுகிறது. ஏசி இல்லாமல் பூட்டிய லேப் அறையில் சர்வர் இருந்தால், புது டிஸ்க் மாட்டும் முன் ஃபேனில் உள்ள தூசியைத் தட்டி, கேபினெட்டைச் சுவரிலிருந்து நகர்த்தி வையுங்கள்.