பார் தேர்வுக்கு டியூஷன்: 25,000 ரூபாயைக் கட்டுவதற்கு முன்னால்

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. திருச்சி அரசு சட்டக் கல்லூரியில் படித்தேன். என்ரோல்மென்ட் (வழக்கறிஞராகப் பதிவு) முடிந்து, மன்னார்குடியில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். வக்கீல் தொழிலைத் தொடரத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வை ஒரு முறை எழுதித் தோற்றுவிட்டேன். விடைக்குறிப்பை வைத்து எண்ணிப் பார்த்தால் 41தான் வருகிறது. கும்பகோணத்தில் ஒருவர் தனியாக டியூஷன் எடுக்கிறார். மூன்று மாதத்தில் எல்லாப் பாடத்தையும் முடித்து நோட்ஸும் தருவதாகச் சொல்கிறார். பாஸ் நிச்சயமாம், சிவில் ஜட்ஜ் தேர்வுக்கும் சேர்த்தே தயாராகிவிடலாமாம். 25,000 ரூபாயையும் முன்பணமாகக் கேட்கிறார். குறுவை நெல் போட்ட பணம் வந்ததும் கட்டிவிடலாம் என்கிறார் அப்பா. கட்டலாமா? இல்லையென்றால் நல்ல டியூட்டரை எப்படித் தேடுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

கட்ட வேண்டாம் அம்மா. கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டு அப்பா காத்திருந்து வாங்கும் பணம் அது. அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். டியூட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு எதில் ஆள் வேண்டும், எதில் வேண்டாம் என்று பார்த்த பிறகு தேடலாம்.

மொத்தம் 100 கேள்விகள். தேர்ச்சிக்குப் பொதுப் பிரிவினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 45, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 40. நீங்கள் 41 எடுத்தும் தோற்றிருப்பதால் 45 தேவைப்படும் பிரிவில் இருக்கிறீர்கள். அதாவது நான்கே மதிப்பெண்ணில் தவறவிட்டிருக்கிறீர்கள். பாதிக் கிணறு தாண்டியவரை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறார் அந்த டியூட்டர். இன்னொன்று, இந்தத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. போன முறை எத்தனை வட்டங்களைக் காலியாக விட்டீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பத்து விட்டிருந்தால், குத்துமதிப்பாக நிரப்பியிருந்தாலே இரண்டு மூன்று வந்திருக்கும்.

இப்போது வேலையைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன தேர்வின் கேள்வித்தாளை எடுத்து வையுங்கள். மணி பார்த்து, பேர் ஆக்ட் (சட்டத்தின் மூலப் பாடம் மட்டும் உள்ள புத்தகம்) பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுதாக எழுதுங்கள். திருத்தும்போது ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள். சட்டமே தெரியவில்லையா? தெரிந்தும் பிரிவைத் தேடி எடுக்க நேரம் போதவில்லையா? இல்லை, கேள்வியின் ஆங்கிலம் புரியவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு. நேரம் போதவில்லை என்றால் டியூட்டரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, பழக்கம்தான் செய்யும். ஆங்கிலம்தான் தடை என்றால் அறிவிப்பு வந்ததும் மொழி விவரத்தை முதலில் பாருங்கள். இந்தத் தேர்வைத் தமிழிலும் எழுத வாய்ப்பு தந்து வந்திருக்கிறார்கள். சட்டமே புரியாத இடத்துக்குத்தான் ஆள் வேண்டும்.

எல்லாப் பாடமும் என்று அவர் சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாடத்திட்டத்தில் எல்லாம் ஒரே கனம் இல்லை. அரசமைப்புச் சட்டம் 10, சிவில் நடைமுறைச் சட்டம் 10, குற்றவியல் நடைமுறை 10, தண்டனைச் சட்டம் 8, சாட்சியச் சட்டம் 8, குடும்பச் சட்டம் 8, ஒப்பந்தமும் சொத்துரிமை மாற்றமும் சேர்ந்த பகுதி 8. இந்த ஏழிலேயே 62 வந்துவிட்டது. கம்பெனிச் சட்டம், சைபர் சட்டம், சுற்றுச்சூழல், நில ஆர்ஜிதம், அறிவுசார் சொத்துரிமை எல்லாம் இரண்டிரண்டு கேள்விகள்தான். அவற்றுக்கு ஆள் வைத்துப் பணம் செலவழிப்பது வீண். பழைய கேள்விகளைப் பார்த்து, பேர் ஆக்டைப் புரட்டினால் போதும். வழக்கறிஞர் நெறிமுறைக்கு 4 கேள்விகள். 1961-ஆம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டத்தை இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து படித்தால் நீங்களாகவே எடுத்துவிடலாம்.

நோட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். தேர்வு அறைக்குள் நோட்ஸ் கொண்டுபோக முடியாது, கைடும் கொண்டுபோக முடியாது. விளக்கக் குறிப்பு எதுவும் இல்லாத வெறும் பேர் ஆக்ட் மட்டும்தான் அனுமதி. அப்படியிருக்க, கட்டுக் கட்டாக ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்பவர் எந்தத் தேர்வுக்குத் தயார் செய்கிறார்? உங்களுக்கு வேண்டியவர், பேர் ஆக்டை உங்கள் கையில் கொடுத்து, "இந்தக் கேள்விக்கான பிரிவை எடு" என்று சொல்லிவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பவர். நீங்கள் தவறான பக்கத்தைப் புரட்டும்போது ஏன் அங்கே போனீர்கள் என்று கேட்பவர். பொருளடக்கத்தை வைத்து அரை நிமிடத்தில் பிரிவைப் பிடிக்கிற பழக்கம் வந்துவிட்டால் நான்கு மதிப்பெண் என்ன, பத்துக்கு மேலேயே ஏறும். (உங்கள் புத்தகங்களின் ஓரத்தில் பேனாவால் எதுவும் எழுதி வைக்காதீர்கள். எழுதியிருந்தால் அந்தப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோக விடாமல் வாசலிலேயே வாங்கி வைத்துவிடக்கூடும்.)

எந்த டியூட்டராக இருந்தாலும் பணம் பேசுவதற்கு முன்னால் ஒரு வகுப்பு உட்கார்ந்து பாருங்கள். அந்த வகுப்பில் குற்றவியல் நடைமுறையில் இரண்டு பிரிவு எண்களைக் கேளுங்கள்: 144, 482.

2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகியவற்றுக்குப் பதிலாக முறையே பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதிநியம் மூன்றும் நடைமுறையில் இருக்கின்றன. அந்த வருஷம் டிசம்பரில் நடந்த 19-ஆவது பார் தேர்விலேயே அவை பாடத்திட்டத்தில் வந்துவிட்டன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144 என்றால் தடையுத்தரவு, ஊருக்கே தெரியும். அதன் இடத்தில் வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144 என்பது மனைவி, குழந்தை, பெற்றோருக்கான ஜீவனாம்சம், அதாவது பழைய 125. தடையுத்தரவு 163-க்குப் போய்விட்டது. பழைய 482 உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், அது இப்போது 528. புதிய 482-ல் இருப்பதோ முன்ஜாமீன், பழைய 438. ஒரே எண் வேறு பொருளில் வந்து நிற்பதால், பழைய சட்டத்தில் படித்துத் தேறியவர்கள்கூடத் தடுமாறுகிற இடம் இது. டியூட்டர் தயங்காமல் இரண்டையும் சொல்லி, புதிய புத்தகத்தில் பக்கத்தையும் எடுத்துக் காட்டினால் அவர் 2024-க்குப் பிறகும் படித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். "அதெல்லாம் பழைய நம்பரே போதும், மாத்திப் போட்டுக்கலாம்" என்றால் நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுங்கள்.

அரசமைப்புச் சட்டத்துக்கும் ஒரு சோதனை சொல்கிறேன். 262-ஆவது உறுப்பைச் சொல்லித்தரச் சொல்லுங்கள். மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்த் தகராறு. ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா என்று வருஷா வருஷம் பேசுகிற வீட்டில் வளர்ந்த பெண் நீங்கள். அந்தத் தகராறுகளில் உச்ச நீதிமன்றம் உட்பட எந்த நீதிமன்றமும் தலையிடக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம் என்கிறது 262. அப்படி 1956-ல் வந்த சட்டத்தின்படி 1990-ல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 2007-ல் இறுதித் தீர்ப்பு வந்தது. அப்படியானால் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் எப்படி அதே வழக்கில் தீர்ப்புச் சொல்லி, கர்நாடகம் தமிழகத்துக்கு விட வேண்டிய நீரை 177.25 டிஎம்சி என்று மாற்றியது? 136-ஆவது உறுப்பின் கீழ் சிறப்பு அனுமதி தந்து மேல்முறையீட்டை விசாரிக்கும் அதிகாரத்தை அந்தத் தடை பறிக்கவில்லை என்பதுதான் பதில். இதை நல்ல ஆசிரியர் ஒருவர் சொன்னால் 262, 136 இரண்டும் உங்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது. வெறுமனே "262 – நதிநீர்" என்று எழுதிக்கொள்ளச் சொல்பவரிடம் நீங்கள் ஏன் கும்பகோணம் வரை போக வேண்டும்?

சரி, இப்படிப்பட்டவர் எங்கே கிடைப்பார்? விளம்பரத்தில் தேடுவதற்கு முன்னால் உங்கள் கோர்ட்டிலேயே தேடுங்கள். கடந்த இரண்டு மூன்று தேர்வுகளில் பாஸான ஜூனியர்கள் மன்னார்குடி, திருவாரூர், தஞ்சாவூர், கும்பகோணம் வழக்கறிஞர் சங்கங்களில் கட்டாயம் இருப்பார்கள். அவர்களில் பலருக்குக் கையில் வருமானம் இருக்காது. ஜூனியர்களுக்கு உதவித்தொகையாக நகரத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024-ல் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா பரிந்துரைத்தது. பரிந்துரைதான், நம் பக்கத்து ஜூனியர்களுக்கு அது எந்த அளவுக்குக் கையில் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். அப்படி ஒருவருக்கு வகுப்புக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்தால் இருவருக்கும் நல்லது. தேர்வு எழுதிய சூடு ஆறாதவர் சொல்லித்தருவது, இந்தத் தேர்வையே எழுதாத பெரியவர் சொல்லித்தருவதைவிட இதற்கு அதிகம் பயன்படும். 2010-க்கு முன்னால் சட்டப் படிப்பை முடித்தவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது, முதல் தேர்வு 2011-ல்தான் நடந்தது. அப்புறம் திருச்சியில் உங்களோடு படித்து, தேறிவிட்ட தோழிகளையும் கேளுங்கள். வாரம் இரண்டு நாள் போனில் வீடியோ போட்டு உட்கார்ந்தாலும் போதும், பஸ்ஸும் மிச்சம், இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற கவலையும் மிச்சம்.

சிவில் நடைமுறைச் சட்டத்துக்கு மட்டும் உங்களுக்கு ஒரு ஆசிரியர் ஏற்கெனவே இருக்கிறார்: சீனியர் ஆபீஸ் குமாஸ்தா. சிரிக்காதீர்கள், மனதாரச் சொல்கிறேன். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை (எதிர்த்தரப்பு ஆஜராகாமல் சொன்ன தீர்ப்பை) ரத்து செய்ய ஆர்டர் 9 ரூல் 13, தீர்ப்புக்கு முன்னாலேயே என்றால் ரூல் 7, பிளைண்டை (வாதி தாக்கல் செய்யும் வழக்குரையை) நிராகரிக்க ஆர்டர் 7 ரூல் 11, இடைக்காலத் தடைக்கு ஆர்டர் 39, நிறைவேற்றுதலுக்கு ஆர்டர் 21. மனு தயார் செய்யும்போது அவர் விரல் நுனியில் வைத்திருப்பது இவைதான். தினமும் ஆபீஸில் நகரும் கேஸ் கட்டுகளில் இரண்டை எடுத்து, இது எந்த ஆர்டர், எந்த ரூல் என்று பேர் ஆக்டில் பாருங்கள். புரியாததை அவரிடம் கேளுங்கள், மரியாதையாகக் கேட்டால் பெருமையோடு சொல்லித்தருவார். பத்து கேள்விகளில் பாதிக்கு மேல் இப்படியே கைக்கு வந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு ஏதோ இரண்டு பாடத்துக்கு வெளி டியூட்டர் தேவைப்பட்டால் தாராளமாக வையுங்கள். ஆனால் முன்பணம் கூடாது. நான்கு வகுப்புக்கு ஒரு முறை கொடுங்கள், ரசீதோ ஜிபே பதிவோ இருக்கட்டும். அசல் சர்டிபிகேட்டையோ தேர்வுத் தளத்தின் பாஸ்வேர்டையோ யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். விண்ணப்பத்தை நீங்களே போடுங்கள். வகுப்பு நடக்கும் இடம் நாலு பேர் வந்துபோகிற இடமாக இருக்கட்டும். பார் அசோசியேஷன் அறை, கிளை நூலகம், உங்கள் வீட்டுத் திண்ணை எதுவானாலும் சரி. பாஸ் நிச்சயம் என்று சொல்பவர் மேல் மட்டும் நம்பிக்கை வைக்காதீர்கள். இந்தத் தேர்வில் அந்த வாக்குறுதியைத் தரும் அதிகாரம் எந்த டியூட்டருக்கும் இல்லை.

சிவில் ஜட்ஜ் தேர்வைப் பற்றி அவர் சொன்னதையும் பார்த்துவிடுவோம். அது டிஎன்பிஎஸ்சி நடத்தும் வேறு தேர்வு. விரிவாக எழுத வேண்டும், மொழிபெயர்ப்பு எழுத வேண்டும், தீர்ப்பு எழுதிப் பழக வேண்டும். சரியானதைத் தேர்ந்தெடுத்து வட்டம் நிரப்பும் பார் தேர்வோடு சேர்த்து மூன்று மாதத்தில் அதை முடிக்க முடியாது. தவிர, 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் சிவில் ஜட்ஜ் பதவிக்கு மூன்று வருஷ வக்கீல் அனுபவம் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பார் தேர்வில் தேறுவதற்கு முன்பே கிடைக்கும் தற்காலிக என்ரோல்மென்ட் தேதியிலிருந்தே அந்த அனுபவத்தை எண்ணலாம் என்றும் சொன்னது. ஆகவே உங்கள் கணக்கு ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டது, இந்தத் தேர்வில் தோற்றதால் அந்தக் கனவு தள்ளிப்போய்விட்டது என்று கலங்க வேண்டாம். கோர்ட்டுக்குத் தவறாமல் போய்வாருங்கள், அந்தப் படிப்பைப் பிறகு தனியாக ஆரம்பிக்கலாம்.

உண்மையான அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. என்ரோல்மென்ட் ஆனதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் பார் தேர்வில் தேற வேண்டும். தேர்வோ நாம் நினைத்த மாதத்தில் வராது. 2021 அக்டோபரில் 16-ஆவது தேர்வு முடிந்த பிறகு, 17-ஆவது 2023 பிப்ரவரியில்தான் நடந்தது. ஆகவே உங்கள் என்ரோல்மென்ட் தேதியைப் பார்த்து இரண்டு வருஷம் எப்போது முடிகிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பார் கவுன்சில் அறிவிப்பை வாரம் ஒரு முறை நீங்களே பாருங்கள், யாராவது சொல்வார்கள் என்று இருக்காதீர்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தேதி நெருங்கும்போது கை நடுங்கும்.

சீனியரிடமும் பேசிவிடுங்கள். தோற்றதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும், தெரியும். அவருக்கு எப்படியும் தெரிய வேண்டிய விஷயம்தான். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் சனிக்கிழமை ஆபீஸ் வேலையிலிருந்து விடுப்பு வேண்டும் என்று கேளுங்கள். அப்பா கொடுப்பதாகச் சொன்ன பணத்தில் முதலில் புதிய மூன்று குற்றவியல் சட்டங்களுக்கும், சிவில் நடைமுறைச் சட்டத்துக்கும், அரசமைப்புச் சட்டத்துக்கும் குறிப்பில்லாத நல்ல பதிப்புகளை வாங்குங்கள். தேர்வுக் கட்டணத்துக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். டியூஷனுக்குத் தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளலாம்.