நவஹோ குடும்பங்கள் சொந்த வீட்டின் கூரையைக்கூடச் சரிசெய்ய முடியாமல் போனது ஏன்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நவஹோ, ஹோப்பி என்ற இரு பழங்குடிகளும் உரிமை கோரிய நிலத்தில் அந்தக் குடும்பங்கள் வாழ்ந்தன. வழக்கு முடியும்வரை யாரும் அங்கே புதிதாக எதுவும் செய்யக்கூடாது என்று 1966-இல் அரசின் பழங்குடி விவகார ஆணையர் ராபர்ட் பென்னட் உத்தரவு போட்டார். சுமார் 15 லட்சம் ஏக்கர். எதைக் கட்டுவதென்றாலும் இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். வழக்காடும் இருவர் எங்கே சம்மதிப்பது?

தற்காலிகம் என்று நினைத்த தடை 40 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. கூரை ஒழுகினால் மாற்ற முடியாது, பிள்ளைகள் பெருகினால் ஓர் அறை கூட்டிக் கட்ட முடியாது. தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் பெரும்பாலான வீடுகளை எட்டவே இல்லை. நவஹோ வழக்கப்படி மணமான மகள் தாய்வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியமர்வாள். அந்த வீட்டைக் கட்டவே வழியில்லாதபோது இளையவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். எனக்கு இதுதான் மிகப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று, 1974 சட்டம். அது பக்கத்திலிருந்த வேறொரு கூட்டுநிலத்தைப் பிரித்தது. பிரித்த கோட்டின் ஹோப்பி பக்கத்தில் வீடுகள் சிக்கியதால் 10,000-க்கும் அதிகமான நவஹோ மக்கள் இடம்பெயர வேண்டியதாயிற்று. இடம்பெயர்ந்த ஹோப்பிகள் ஏறக்குறைய நூறு பேர்தான்.

சரி, தடை எப்போது நீங்கியது? 2006-இல் இரு பழங்குடிகளும் உடன்பாட்டுக்கு வந்தன. 2009-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் தடையை முழுமையாக நீக்கியது. ஆனால் காகிதத்தில் தடை நீங்கியதும் வீடு எழும்பிவிடாது. சாலை, குழாய், மின்கம்பம் எல்லாவற்றையும் அடியிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.