அவருக்கு அது சொர்க்கம், எனக்கு மூச்சு முட்டியது

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 51. சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். என் கணவர் இருபது வருஷத்துக்கும் மேலாக மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவார். சில வருஷம் அதுவும் கிடைக்காது. பெண்ணையும் பையனையும் வளர்த்தது, வீடு கட்டியது, 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்வீட்டுச் சாமான்களை ராத்திரியோடு ராத்திரியாக மாடிக்கு ஏற்றியது எல்லாம் நான்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் அங்கே வெயிலில் நின்று அனுப்பிய பணத்தில்தான் இந்த வீடு எழுந்தது. நானும் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். போன வருஷம் அவர் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார்.

பொங்கல் முடிந்து தையல் வேலை ஓய்ந்ததும், ஒரு வாரம் கேரவன் எடுத்துக்கொண்டு கடலோரமாகவே போய் வரலாம் என்றார். கேரவன் என்றால் சினிமா ஷூட்டிங்கில் நிற்கும் வண்டி என்றுதான் எனக்குத் தெரியும். இது வாடகை வண்டி, டெம்போ டிராவலர் அளவு. பின்னால் படுக்கை, நடுவில் மடக்கு மேஜை, இண்டக்‌ஷன் அடுப்பு, திரும்பினால் முழங்கை இடிக்கும் ஒரு பாத்ரூம். டிரைவர் தம்பி கூடவே வந்தார். நல்ல பிள்ளை. ராத்திரி முன் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்வார். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான்.

மாமல்லபுரம், புதுச்சேரி, பிச்சாவரம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, கோடியக்கரை, அப்புறம் ராமேஸ்வரம், தனுஷ்கோடி. இடங்களைக் குறை சொல்ல முடியாது. பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் படகு நுழைந்தபோது வெளியே வரவே மனசில்லை. கோடியக்கரையில் பூநாரைகளைப் பார்த்தோம். என் பிரச்சினை முழுக்க வண்டிக்குள்ளே.

விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிடுவார். விரிப்பை மடித்து, தலையணையை அடுக்கி, டேங்கில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எனக்குச் சொல்வார். எந்தத் தட்டு எந்த இடத்தில் இருக்க வேண்டும், யார் முதலில் குளிப்பது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு. தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி வண்டி நின்றிருந்தது. உப்புக்காற்றில் தலை பிசுபிசுவென்று இருக்கிறதே என்று ஷாம்பு போட்டேன். பாதி நுரையில் கதவைத் தட்டி, "முக்கால் டேங்க் போயிடுச்சு, சீக்கிரம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் டிரைவர் தம்பி காதில் விழுந்திருக்கும். மக்கை வாயில் பொத்திக்கொண்டு அழுதேன். இத்தனை வருஷம் என் வீட்டில் மோட்டார் போட்டவளும் நான்தான், நிறுத்தியவளும் நான்தான்.

வேளாங்கண்ணியில் கோயிலுக்குப் போய்விட்டு கடற்கரையில் தனியாக உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் இருக்காது, ஃபிளாஸ்க்கில் டீயோடு வந்துவிட்டார். சர்க்கரை இல்லாத டீ, எனக்காகவே போட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பாம்பனுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று பேச ஆரம்பித்தார். நான் எழுந்து வண்டிக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் எனக்குப் பேச்சே வரவில்லை. "என்னாச்சு, என்னாச்சு" என்று அவர் கேட்கக் கேட்க எனக்கு வாய் இன்னும் இறுகிப் போயிற்று.

தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் நின்று, "இந்த மாதிரி ஒரு வாரம் என் வாழ்க்கையிலேயே இருந்ததில்லை" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கோ எப்போது வீட்டுக்குப் போவோம் என்றிருந்தது.

இப்போது செட்டில்மென்ட் பணத்தில் 12 லட்சம் போட்டு ஒரு பழைய வண்டியை வாங்கி கேரவனாக மாற்றப் போகிறேன் என்கிறார். பூந்தமல்லிப் பக்கம் ஒரு பட்டறையில் பேசியும் வைத்துவிட்டார். வருஷத்தில் பாதி நாள் ஊர் சுற்றலாமாம். பெண்ணிடம் சொன்னால், "அப்பா பாவம்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்கிறாள். ராத்திரி வேர்த்து விழித்துக்கொள்கிறேன், அப்புறம் தூக்கமே இல்லை. எப்போது வருவார் என்று காத்திருந்தவள்தான் நான். வந்த மனிதரோடு ஒரு வாரம் இருக்க முடியவில்லை என்றால், எனக்கு அவர் மேல் பாசமே இல்லையா?

பெயர் வேண்டாம்,
சென்னை

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாசம் இருக்கிறது. பாசம் இல்லாதவர் அவர் கண் கலங்கியதைக் கவனித்திருக்க மாட்டார், டீயில் சர்க்கரை போடாததை எழுதியிருக்கவும் மாட்டார். உங்களுக்கு அந்த வாரம் கிடைக்காதது தனிமை. அதைக் கேட்பது கணவரை வேண்டாம் என்று சொல்வதாகிவிடுமோ என்ற பயத்தில் கேட்காமலே இருந்துவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அவரை நான் பார்த்ததில்லை, அதனால் இதை ஓர் ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நாலரைக்கு எழுவது, விரிப்பை மடிப்பது, யார் முதலில் குளிப்பது என்ற முறை, தண்ணீர்க் கணக்கு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே இடம். வளைகுடாவில் கம்பெனி ரூமில் இருந்துவிட்டு வந்த பலரை ஆலோசனைக்குப் பார்த்திருக்கிறேன். ஒரு ரூமில் ஆறு பேர், எட்டுப் பேர், மேலும் கீழுமாகக் கட்டில், பாத்ரூமுக்கு வரிசை. விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்துவிடும். அங்கே இந்தக் கணக்கெல்லாம் இல்லாவிட்டால் சண்டைதான். இருபது வருஷம் அப்படி இருந்தவருக்கு மடிப்பாக்கம் வீடு இன்னும் கொஞ்சம் அந்நியமாகவே இருக்கலாம். அங்கே எது எங்கே இருக்கிறது என்று உங்களைத்தான் கேட்க வேண்டும். கேரவனில் ஏறியதும் அவருக்கு எல்லாம் தெரிந்த உலகம். அதைவிட முக்கியம், அந்தச் சின்ன ரூமில் இந்தத் தடவை கூட இருந்தது அவர் மனைவி. தனுஷ்கோடியில் அவர் சொன்னது இதனால் இருக்கலாம்.

நீங்களோ இருபது வருஷம் ஒரு வீட்டைத் தனியாக ஆண்டவர். வெள்ளம் வந்தபோதும் நீங்களே முடிவெடுத்தீர்கள். அப்படிப்பட்டவர் குளிக்கும்போது கதவைத் தட்டி யாராவது தண்ணீர் கணக்குச் சொன்னால் அழுகை வரத்தான் செய்யும். அவர் அதிகாரம் செய்ய நினைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் அதிகாரம் பறிபோனது நிஜம். இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்கலாம். பெண்ணிடம் இதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு அப்பா லீவில் வரும் விருந்தாளியாகவே பழக்கம், விருந்தாளிக்கு அட்ஜஸ்ட் பண்ணத்தான் அவர்களுக்குத் தெரியும்.

டீயைப் பற்றி. கூட வந்து உட்கார்ந்தால் அன்பு என்பது அவருக்கு. சும்மா விட்டால் அன்பு என்பது அந்த நேரத்தில் உங்களுக்கு. டொனால்ட் வின்னிகாட் என்ற இங்கிலாந்துக் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளரும்கூட, 1958-இல் எழுதிய கருத்து ஒன்று உண்டு. அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்ற நம்பிக்கையில்தான் குழந்தை தன்பாட்டுக்கு விளையாடப் பழகுகிறது. தனியாக இருக்கும் திறமையே இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் வளர்கிறது என்றார். தம்பதிகளுக்கும் இது பொருந்தும் என்பது என் அனுபவம். ஒரே அறையில் அவர் பேப்பர் படிக்க, நீங்கள் ஊக்கு தைக்க, ஒரு மணி நேரம் பேச்சில்லாமல் நிம்மதியாகப் போவது சேர்ந்து வாழ்ந்து பழகிய ஜோடிகளுக்குத் தானாக வந்திருக்கும். உங்களுக்கு அதற்கு அவகாசமே கிடைக்கவில்லை. லீவு நாளில் யார் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்? முப்பது நாளும் பேச்சு, விருந்து, உறவுக்காரர் வீடு என்றே ஓடிவிடும்.

அவர் கேட்கக் கேட்க நீங்கள் இறுகிப்போனது பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் துரத்த, இன்னொருவர் ஒதுங்க, ஒதுங்குவதைப் பார்த்து முதலாமவர் இன்னும் துரத்தும் இந்தச் சுழலை ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் போன்ற ஆய்வாளர்கள் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார்கள். இதில் யார் ஆரம்பித்தது என்று தேடிப் பயனில்லை. உடம்பும் இதில் சேர்ந்துகொள்ளும். வாக்குவாதத்தில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது மண்டையில் ஏறாது, அடங்க குறைந்தது 20 நிமிஷமாவது வேண்டும் என்கிறார் தம்பதிகளை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன். வீட்டில் என்றால் மாடிக்குப் போவீர்கள், துணி மடிப்பீர்கள். வண்டியில் எங்கே போவது? தடுப்புக்கு அந்தப் பக்கம் டிரைவர் வேறு.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

வண்டி பேச்சை எடுப்பதற்கு முன்னால், மஸ்கட் ரூமைப் பற்றி அவரிடம் கேளுங்கள். எத்தனை கட்டில், அவருடையது மேலா கீழா, தண்ணீர் நின்றுபோனால் என்ன செய்வார்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்த்துக்கொண்டார்கள். போனில் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று மறைத்தவைதான் அதிகம் இருக்கும். பதிலுக்கு நீங்களும் சொல்லுங்கள். அந்த டிசம்பர் ராத்திரி தண்ணீர் எந்தப் படி வரை வந்தது, எதை முதலில் தூக்கினீர்கள் என்று. பணம் அனுப்பியவருக்கு இந்த விவரமெல்லாம் தெரிய வாய்ப்பில்லை.

அப்புறம் வண்டியைப் பற்றி. காட்மனும் சிபில் கேரரும் 1999-இல் புதுத் தம்பதிகளிடம் செய்த ஆய்வில், ஒரு விவாதத்தின் முதல் மூன்று நிமிடங்களே அந்த உறவு எப்படிப் போகும் என்பதைப் பெருமளவு காட்டிக்கொடுத்தன. அதனால் ஆரம்பத்தைக் கொஞ்சம் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். "உங்க வண்டி எனக்குப் பிடிக்கலை" என்று தொடங்கினால் அவருக்குத் தன்னையே பிடிக்கவில்லை என்று கேட்கும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஏங்க, பிச்சாவரம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. உங்களோட மறுபடி போகணும்னும் ஆசைதான். ஆனா வண்டியில எனக்கு மூச்சு முட்டிடுச்சு. குளிக்கும்போது நீங்க கதவைத் தட்டினப்ப அழுதுட்டேன். எனக்குத் தினமும் கொஞ்ச நேரம் யாரும் இல்லாம இருக்கணும். அது உங்க மேல கோபம் இல்லை." இவ்வளவு போதும். அவர் முகம் வாடும். உடனே சமாதானப்படுத்தி, வாங்கிக்கோங்க என்று சொல்லிவிடாதீர்கள். அந்த வாட்டத்தை அவர் தாங்கிக்கொள்வார்.

12 லட்சத்தை இப்போது போடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீண்ட நாள் வேலையை விட்டு வந்த முதல் வருஷத்தில் பெரிய பணம் போட வேண்டாம் என்று யாருக்கும் சொல்வேன். கையில் வேலை இல்லாத வெறுமையை நிரப்ப ஒரு திட்டம் தேவைப்படுகிறது, அது வண்டியாக வந்து நிற்கிறது. பழைய வண்டியின் அமைப்பை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதியும் வேண்டும். பட்டறையில் பேசியதோடு அது முடியாது. அந்த அனுமதிக்கான விவரங்களை விசாரிப்பதை அவரிடமே விடுங்கள். அதற்குள் இன்னொரு தடவை வாடகைக்கு எடுத்து, இரண்டே நாள் போய் வாருங்கள். பகலெல்லாம் வண்டி, ராத்திரி தங்க ரூம். மாமல்லபுரத்திலும் ராமேஸ்வரத்திலும் அரசின் தமிழ்நாடு ஓட்டல்கூட இருக்கிறது. டிரைவருக்கும் கட்டிலில் படுத்துத் தூங்கக் கிடைக்கும், மறுநாள் வண்டி ஓட்டுபவருக்கு அது அவசியம். வண்டி ஆசை அப்போதும் குறையவில்லை என்றால், மஸ்கட் ரூம்மேட்டுகள் நாலு பேரோடு அவர் ஒரு தடவை போய் வரட்டும். நீங்கள் வீட்டில் இருங்கள். கணவன் மனைவி எல்லாப் பயணமும் சேர்ந்தே போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ராத்திரி வேர்த்து விழிப்பதைத் தனியாகக் கவனியுங்கள். 51 வயதில் இது மாதவிடாய் நிற்கும் காலத்தின் அறிகுறியாக இருக்க வாய்ப்பு அதிகம். தைராய்டாலும் வரலாம். மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தூக்கம் கெட்டால் அடுத்தவர் மூச்சு விடும் சத்தம்கூட எரிச்சலாகத்தான் இருக்கும், அதை மண வாழ்க்கையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

ஒன்று மட்டும் நேரில் பார்க்காமல் எனக்குத் தெரிய வழியில்லை. நீங்கள் வேண்டாம் என்றால் அவர் என்ன செய்வார்? வருத்தப்படுவார், இரண்டு நாள் பேசாமல் இருப்பார் என்றால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். கையை ஓங்குவார், உங்கள் தையல் பணத்தைப் பிடுங்கிக்கொள்வார் என்றால் இது வேறு பிரச்சினை. அப்போது தனியாக அவரிடம் பேச உட்கார வேண்டாம், 181 பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தென்படவில்லை.

பட்டறைக்கு முன்பணம் எப்போது கொடுப்பதாக இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த வாரம் என்றால், இந்தப் பேச்சை இந்த வாரமே வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி வேண்டாம். காலையில் அவர் நாலரைக்கு எழுகிறார் அல்லவா, ஒரு நாள் நீங்களும் எழுந்து டீ போட்டுக்கொண்டு மாடிக்குப் போங்கள். தையலுக்கு ஆள் வர நேரமாகும்.